சிங்கப்பூர் லைன் அந்நியமான வருஷம்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்காரும் பெண்ணுக்கு முகம் கிடையாது. திட்டு வாங்க ஒரு குரல் மட்டும் உண்டு. வெளியூருக்கு டிரங்க் கால் சொல்லிவிட்டு நாளெல்லாம் காத்திருந்தவர்களே, மறுமுனையில் நாங்களும் உங்களோடுதான் வெந்துகொண்டிருந்தோம்.

மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த வருஷம் நான் மலாக்கா எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கிடங்குக் குமாஸ்தா. நானும், தவழத் தொடங்கியிருந்த மகளும் மலாக்காவில், காஜா பெராங் பகுதியில் ஓர் அறையில். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தை மூடிவிட்டால் அவர் எந்தப் பக்கம் நிற்பார்? இந்தக் கேள்வியோடுதான் தினமும் வேலைக்குப் போனேன்.

பேசவும் பாஸ்போர்ட்டா?

ரேடியோவில் செய்தி வந்ததுமே ஸ்விட்ச் போர்டில் அழைப்பு விளக்குகள் எல்லாம் எரிந்தன. துணிக்கடை முதலாளி ஒருவர், "சிங்கப்பூர்ல என் தம்பிகிட்டப் பேசணும். பாஸ்போர்ட்டு நம்பர் சொல்லணுமாம்மா?" என்றார். வேண்டாம் ஐயா, நேற்று பிளக்கைச் சொருகிய அதே ஓட்டையில்தான் இன்றும் சொருகுகிறேன் என்றேன்.

அவர் விடவில்லை: "அப்போ பிரிஞ்சது ஒனக்கும் இன்னும் தெரியாதா?"

மாக் சொன்னது

அறையை வாடகைக்கு விட்ட அம்மா, தலைமுறைகளாக மலாக்காவில் வாழும் செட்டிக் குடும்பம். பெயர் தெய்வானை; பேச்சு முழுக்க மலாய். மலாயில் அம்மா என்பதுபோல், நான் "மாக்" என்றுதான் கூப்பிடுவேன். வேலை நேரத்தில் மகளைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான்.

ஒரு மாலை, வேலை முடிந்து வந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். குழந்தை வீறிட்டது. கண்ணைத் திறக்காமலே, கான்வென்ட் சிஸ்டர்கள் பழக்கிவிட்ட தேன் குரலில், "நம்பர் ப்ளீஸ்?" என்றேன்.

மாக் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தார். "டியா மாவ் பாப்பா, புக்கான் நொம்போர்." அவளுக்கு அப்பா வேண்டுமாம், நம்பர் இல்லையாம்.

பாக்கியத்தின் கேள்வி

சிங்கப்பூர் எக்ஸ்சேஞ்சில் பாக்கியம் என்று ஒருத்தி. நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்குத் தினமும் தெரியும். பிரிந்த பிறகு அவளோடு பேசவே பயம். அந்நிய நாட்டு ஆளோடு அரட்டை அடித்தால் வேலை போய்விடுமோ? விறைப்பாக, "சிங்கப்பூர், மலேசியா பேசுகிறேன்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் லைனே கரகரத்தது. "ஏன்டி, நேத்து வரைக்கும் மலாக்காவா இருந்தே. அதுக்குள்ள முழு நாடா ஆயிட்டியா?"

எந்த விளக்கு

கிடங்கு முதலாளி என் வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தார்: "இங்கேயே இருந்துடறியா, இல்ல ஒன் நாட்டுக்குப் போறியா?" முடிவைப் போனில் சொல்வதாக அவர் எழுதியிருந்தார். அன்றைக்கு முழுக்கச் சிங்கப்பூர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யாரோ பேசினார்கள், அவர் இல்லை. அங்கேயே இருந்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்படியென்றால் நாங்கள் இங்கே, அவர் அந்நியராக அங்கே. அந்த நினைப்பில் இரண்டு பேருக்குத் தப்பான இணைப்புக் கொடுத்தேன்.

மாலையில் ஜொகூர் விளக்கு எரிந்தது. யாரோ என்று சொருகினேன். எங்கள் வீட்டுப் பக்கத்து மளிகைக்கடைக்கு லைன் கேட்டது அவர் குரல். "நான்தாங்க" என்றேன்.

"சரசு? பாலத்தத் தாண்டிட்டேன். பாப்பாவத் தூங்க வச்சிடாத."

பிரிவினையில் என்னென்ன போயிற்று என்று ஊரே கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் வேலை இல்லாத புருஷன் ஒருவர் முழுசாகத் திரும்பக் கிடைத்தார்.