வாயில் பருக்கை தூக்கிய எறும்பு

பசை வாசனை முதல் வாரம் தலையைச் சுற்ற வைத்தது. அப்புறம் மூக்குக்குப் பழகிவிட்டது...

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. என் முதல் வேலை. செக்கிங் டேபிளில் மூன்று பேர். நான், எங்களில் மூத்தவரான விஜயா அக்கா, வாணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் வரும் ஷபானா. ஷபானா விலங்கியல் படித்தவள். மேலே படிக்க வீட்டில் இன்னும் சம்மதிக்கவில்லை.

ஒருநாள் காலை சூப்பர்வைசர் வந்து நின்றபோது, ஷூவின் வெள்ளை லைனிங் மேல் கறுப்பாக ஓர் எறும்பு. வாயில் ஏதோ நீளமாக...

வெளிநாட்டுக்குப் போகிற பெட்டியில் பூச்சி இருந்தால் மொத்த லாட்டும் திரும்பிவிடும் என்று அவருக்கு எப்போதும் பயம்.

"சோத்துப் பருக்கைய தூக்கினு போவுது பாரு! டேபிள்ல சாப்ட்டது யாரு?"

எல்லோரும் விஜயா அக்காவைப் பார்த்தார்கள். சுகர் இருப்பதால் நடுவில் சாப்பிடுபவர் அவர்தான்.

"நான் வெளிய போய்தான் சார் சாப்டறேன்."

"நாளைலேர்ந்து நீ வராத."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

"சார், அது எறும்பே இல்ல. சிலந்தி," என்றாள் ஷபானா.

"இன்னா, வெளாடறியா?"

"காலை எண்ணிப் பாருங்க சார்."

குனிந்தார். முன்னங்கால் இரண்டையும் எறும்பின் மீசை மாதிரி தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்தால் எட்டு!

ஷபானா பென்சிலால் பக்கத்தில் தட்டினாள். டக்கென்று தாவி, டேபிள் விளிம்பிலிருந்து நூல் விட்டுத் தொங்கியது.

"குதிக்கிற சிலந்தி சார். மிர்மரக்னேன்னு பேரு. அதுல நெறைய வகை இருக்கு. ஒண்ணு செவ்வெறும்பு மாதிரி, ஒண்ணு கட்டெறும்பு மாதிரி. இது ஆண். வாயில இருக்கிறது சோறு இல்ல, அதோட தாடை. ஜன்னல்கிட்ட இருக்கிற புங்கமரத்துலேர்ந்து வந்திருக்கும்."

சூப்பர்வைசர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு, "சரி சரி, எல்லாரும் வேலையப் பாருங்க" என்று நகர்ந்தார். அக்காவிடம் மன்னிப்பு கேட்கவில்லை. ஆனால் மறுநாள் ஜன்னலோரம் நின்றபடி ஷபானாவிடம், "இன்னிக்கு காணோமேம்மா?" என்றார்.

அடுத்த வருடம் ஷபானா மேற்படிப்புக்குப் போய்விட்டாள். அக்கா வயதாகி ஓய்வு பெறும்வரை எங்களோடுதான் இருந்தார்.

இப்போது நான் வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஏசி ஹால். ஜன்னல்களைத் திறப்பதே இல்லை. ஒரு பூச்சிகூட வராது.

நான் எதைச் சொன்னாலும் பெண்கள் "சரி மேடம்" என்கிறார்கள். தப்பாகச் சொன்னாலும்...

சில நாள், "அது அப்படி இல்ல மேடம்" என்று யாராவது ஒருத்தி சொல்ல மாட்டாளா என்று கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன்.