மலையேறிய மின்சாரப் பேருந்து

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு டீசல் பேருந்து ஓட்டியே என் இடது காது மந்தமாகிவிட்டது. எஞ்சின் இருப்பது அந்தப் பக்கம்தான். அதனால் எங்கள் தடத்தில் மின்சாரப் பேருந்தைச் சோதனைக்கு விடப்போகிறார்கள் என்றதும் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ பயம். சமவெளியில் ஓடும், சரி. மலை ஏறுமா? பாதி வழியில் சார்ஜ் தீர்ந்தால் காட்டுக்குள் யாரைக் கூப்பிடுவது?

முதல் நாள் காலை, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அம்மா ஏறினார். கள்ளக்குறிச்சியில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டு மலைக்குத் திரும்புகிறவர். டீசல் வாடை அவருக்கு ஆகாது. ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுப்பார். அதற்குப் பயந்தே நல்லநாள் பெரியநாளுக்கு மட்டும்தான் மகளைப் பார்க்க இறங்குவார்.

"இன்னாங்க டிரைவரு, வண்டி ஸ்டார்ட் ஆவலயா?" என்றார்.

"ஓடிக்கினுதாங்க இருக்குது. வெளிய பாருங்க."

அவர் பார்த்தார். புளியமரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

மலையடிவாரம் தாண்டியதும் எனக்கு எதிரே இருந்த திரையில் சார்ஜ் மளமளவென்று இறங்கியது. நடத்துநர் என் காதருகே வந்து, "இன்னாண்ணே, இப்படிக் கொறையுது?" என்றார்.

"ஜனங்க காதுல வுழப்போவுது. நீ போய் டிக்கெட்டப் போடு" என்றேன். நானும் ஒரு கண்ணைத் திரைமேல் வைத்தபடிதான் ஓட்டினேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் மரவள்ளிக் கிழங்கு லாரி பழுதாகி நின்றது. செங்குத்தான ஏற்றத்தில் நானும் நிறுத்த வேண்டியதாயிற்று. பழைய வண்டியாக இருந்தால் மீண்டும் கிளம்பும்போது கொஞ்சமாவது பின்னால் உருளும். பயணிகள் சாமியைக் கூப்பிடுவார்கள். எதிரே வந்த வண்டிகளை அனுப்பிவிட்டு லாரிக்காரர் கை காட்டியதும் மெதுவாக மிதித்தேன். ஒரு சாண்கூடப் பின்வாங்காமல் பேருந்து முன்னே நகர்ந்தது.

சார்ஜ் தீராமலே மலைமேல் வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லோரும் இறங்கினார்கள், அந்த அம்மாவைத் தவிர. உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜன்னலில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியதும் வெட்கப்பட்டார்.

"தூங்கிட்டனா? பஸ்ஸுல நான் கண்ணு மூடுனதே இல்லியே."

திரும்பி மலையிறங்கும்போது எனக்கு இன்னொரு ஆச்சரியம். சரிவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக வேகத்தைக் குறைத்தது. சார்ஜும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பிரேக் சூடேறி வரும் அந்தத் தீய்ந்த நாற்றம் இல்லை.

சோதனை முடிந்து பேருந்தை எடுத்துப் போய்விட்டார்கள். சில மாதம் பழைய வண்டியையே ஓட்டினோம். பிறகு புதிதாக ஒன்று எங்கள் தடத்துக்கே வந்தது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் சார்ஜ் ஏற்றத் தாமதமாகிறது. பயணிகள் திட்டத்தான் செய்கிறார்கள். அதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

போன வாரம் அந்த அம்மா மறுபடி ஏறினார். "பொண்ணு கேக்குறாப்பா, இன்னாத்துக்கு அடிக்கடி வந்துக்கினே இருக்கேன்னு" என்று சிரித்தபடி முன் இருக்கையில் உட்கார்ந்தார்.