தகப்பன் பெயர்

மன்னாரில் என் கணவரை ராணுவம் பிடித்துக்கொண்டு போன பிறகு, வயிற்றுப் பிள்ளையோடு தனியாகப் படகேறி வந்தவள் நான். ஆலங்காயம் பக்கத்து அகதி முகாமில் இடம் கிடைத்தது. அங்கே கொடுத்த அரிசி அரை வயிற்றுக்குக்கூடப் போதவில்லை. மாதம் நெருங்கியிருந்தும், போகாதே என்றவர்களோடு சண்டை போட்டுவிட்டு, ஜவ்வாது மலைக்குப் புளி பொறுக்கப் போனேன். அப்போது எனக்கு அப்படியொரு வீம்பு.

மரத்தடியிலேயே வலி கண்டுவிட்டது. மரத்துக்காரரின் மனைவிதான் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிரசவம் பார்த்தாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளையில்லை. தீட்டுக் கழியும்வரை சாமைக் கஞ்சி காய்ச்சித் தந்தாள். ஒரு குடம் தூக்க விடவில்லை.

அந்த மலையில் பிறப்பைப் பதிய யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. சந்தைக்கு இறங்கும் ஆண்பிள்ளை, கிராம அதிகாரியிடம் வாயால் சொல்லிவிட்டு வருவார். மரத்துக்காரரும், "எங்க வூட்ல ஆம்பளப் புள்ளைங்க" என்று சொல்லியிருக்கிறார். யார் கூரையின்கீழ் பிறந்ததோ அது அந்த வீட்டுப் பிள்ளை, அதுதான் அங்கே வழக்கம். அதிகாரி, மரத்துக்காரரையும் அவர் மனைவியையுமே தாய் தகப்பனாக எழுதிச் சான்றிதழும் கொடுத்தனுப்பிவிட்டார்.

அதைப் பார்த்து அழுதேன்.

"இன்னாத்துக்குத் தங்கச்சி அழுவுற? எங்க பேர்ல இருந்தா புள்ளைய யாரும் தொரத்தமாட்டாங்க," என்றாள் அவள்.

"நாளைக்கு அவர் வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? பிள்ளையில்லாத குறைக்கு என்ர பிள்ளையைப் பறிக்கப் பாக்கிறியளோ?" என்று கத்தினேன். இன்றும் அந்தச் சொல்லை நினைத்தால் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் சான்றிதழை மாற்ற அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னோடு மலை இறங்கினாள்.

அதிகாரிக்குக் கோபம். "நீ பெத்தது இல்லன்னு உன் வாயால சொல்லு, அப்பதான் மாத்துவேன்," என்றார். சுற்றிலும் அவள் ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"நான் பெக்கலங்க. எனக்குப் புள்ளையே பொறக்கலங்க," என்றாள். யாரோ சிரித்தார்கள்.

அதிகாரி என்னிடம் தகப்பன் பெயரைக் கேட்டார். சொன்னேன். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். நான் பிள்ளையைப் பார்த்தேன்.

பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை ஒரு கையால் அணைத்துக்கொண்டு அவள்தான் சொன்னாள்.

"இருக்காருங்க. எழுதிக்கோங்க."