மார்ச்சுக்கு மட்டும் காரணம் எழுதவில்லை

இரண்டரை வருட காலம் நான் வானிலையைக் காரணம் காட்டி, ஓர் அறுபத்தெட்டு வயதுப் பெண்மணியைப் பினாங்குக்கு வரவிடாமல் தடுத்து வைத்திருந்தேன். மழை, வெயில், புகைமூட்டம், டுரியான் பழத்தின் வாடை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஆயுதமாக எடுத்தேன். இந்தத் தீவில் எனக்குச் சொந்தமாக இருப்பது மூன்று அறை பிளாட் ஒன்று. காவல் காத்ததோ முழுத் தீவையும்.

அந்தப் பெண்மணி எனக்கு அக்கா முறை, பெரியப்பாவின் மகள். யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். எங்களுக்குள் சண்டை, சச்சரவு, சொத்துத் தகராறு எதுவும் கிடையாது. ஐம்பத்தாறு வயதில் என்னை இன்னும் தம்பி என்று கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் அங்கிளுக்குப் போய்விட்டார்கள்.

அக்கா பிறந்தது இங்கேதான். பெரியப்பா துறைமுக அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அக்காவுக்கு ஏழு வயதானபோது பென்ஷனோடு வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்தார். என் அப்பாவும் அதே போலக் கிராணிதான், ஆனால் இங்கேயே தங்கிவிட்டார். யாழ்ப்பாணத்தில் மலாயாப் பென்ஷன் குடும்பம் என்றால் ஒரு காலத்தில் தனி மதிப்பு. கல்வீடு, கடிகாரம், கறுப்புக் குடை எல்லாம் அதில் அடக்கம். அந்த மதிப்பின் மிச்சம் இன்னும் அங்கே உலவுகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அது என்னையும் வந்து பிடித்தது.

பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார். "பினாங்கிலை வீடு எந்தப் பக்கம்?"

"கடல் பக்கம்" என்றேன்.

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. தீவில் எந்தப் பக்கம் இருந்தாலும் கடல் பக்கம்தான். என் வீடு ஜெலுத்தோங்கில், பதினோராவது மாடியில். குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு ஏறினால், எதிரேயுள்ள இரண்டு பிளாட்டுகளுக்கு நடுவே, யாரும் போர்வை காயப்போடாத நாட்களில், ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரியும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் பினாங்கு திரும்பியதும், வீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி அக்கா கேட்டார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கர்னி டிரைவ் கடற்கரை நடைபாதைக்குப் போய், கைப்பிடிச் சுவர் மட்டும் தெரியும்படி கடலைப் படமெடுத்து, "காலையில், வீட்டிலிருந்து" என்று எழுதி அனுப்பினேன்.

என் மனைவி பார்த்துவிட்டாள். "என்னங்க இது, கர்னிய நம்ம வீட்டு ஹால் மாதிரி காட்டியிருக்கீங்க? அக்கா நேர்ல வந்தா என்ன செய்வீங்க?"

"எங்கே வரப்போகிறார்?" என்றேன்.

அடுத்த மாதமே குரல் செய்தி வந்தது. நீளம் ஆறு நிமிடம். தொழிற்சாலை பஸ்ஸில் நின்றபடி முதல் நாற்பது நொடி கேட்டேன். "தம்பி, நான் ஒருக்கா அங்க வரவேணும். எந்த மாசம் வந்தா நல்லம்? நீ அங்கேயே இருக்கிறனி, உனக்குத் தெரியும்..." அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது வேண்டாம் அக்கா, கடும் மழை என்று பதில் எழுதினேன். அன்று எழுதும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பிறகு ஒவ்வொரு முறையும் ஒன்று சொன்னேன். பினாங்குக்காரர்களுக்குப் பருவம் என்றால் வானத்தில் நடப்பதல்ல, சாலையில் நடப்பது. தைப்பூசம், சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், டுரியான், பள்ளி விடுமுறை, தீவுக்கு வரும் பாலத்தில் நெரிசல்: இவைதான் எங்கள் ஆறு பருவங்களும். ஊரில் யாருக்கும் இதைச் சரிபார்க்க வழியில்லை என்பது எனக்குப் பெரிய வசதியாக இருந்தது. அக்கா ஒவ்வொரு தடவையும் "சரி தம்பி, நீ சொன்னாச் சரி" என்பார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், "ஒவ்வொருக்காலும் உன்னைக் கரைச்சல் படுத்திறன். பன்னிரண்டு மாசத்துக்கும் ஒரேயடியா எழுதி அனுப்பிவிடு" என்றார்.

இது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் படிவங்களைச் சரிபார்ப்பதுதான் எனக்கு வேலை. யாராவது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். காலிக் கட்டம்தான் எல்லாத் தவற்றுக்கும் தாய் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். அக்காவுக்கும் அழகாக ஒரு அட்டவணை போட்டேன். இடப்பக்கம் மாதம், வலப்பக்கம் வரக்கூடாததற்குக் காரணம். ஜனவரி: தைப்பூசக் கூட்டம். பிப்ரவரி: சீனப் பெருநாள், கடைகள் அடைப்பு. ஏப்ரல்: திடீர் மழை. ஜூன்: டுரியான், ஊரே வாசனை. ஆகஸ்ட்: சீனர்களின் பேய் மாதம், தெருவெல்லாம் மேடை, ஒலிபெருக்கி. செப்டம்பர்: புகைமூட்டம், எதிரே நிற்கிற ஆள் தெரியாது. டிசம்பர்: பள்ளி விடுமுறை, பாலத்தில் நெரிசல். மற்ற மாதங்களுக்கும் இப்படி ஒவ்வொன்று.

மார்ச்சில் மட்டும் தடுமாறினேன். மார்ச்சில் இங்கே வெயில்தான். யாழ்ப்பாணத்துக்காரியை வெயிலைச் சொல்லிப் பயமுறுத்த முடியுமா? நல்லதாக ஒன்று யோசித்துப் பிறகு எழுதலாம் என்று அடுத்த மாதத்துக்குப் போனேன். டிசம்பரை முடித்ததும், வேலை முடித்த களிப்பில் அப்படியே அனுப்பிவிட்டேன்.

அக்கா மார்ச் மாதம் வந்து இறங்கினார்.

டிக்கெட் எடுத்த பிறகுதான் சொன்னார். "மார்ச்சுக்கு நீ ஒண்டும் எழுதேல்லை, தம்பி. அப்ப அதுதான் நல்ல மாசம் எண்டு விளங்கிக்கொண்டன்."

விமான நிலையத்தில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முழங்கால் வலியாக்கும் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் போய்க் கை நீட்டினேன். அவர் என் கையைக் கவனிக்காமல் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். சரிதான், கோபம் என்று நினைத்தேன். அவர் எதிரே போய் நின்ற என் மனைவிதான் சட்டென்று குனிந்து, "அக்கா, அவர் ஒங்க வலது பக்கம் நிக்கிறாரு" என்றாள். அக்கா தலையை முழுதாகத் திருப்பி, என் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, "அட, தம்பி! மொட்டை விழுந்திட்டுது" என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் மனைவி என்னைத் தனியே இழுத்தாள். "அவங்க கண்ணு இப்படி ஆயிடுச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு யார் சொன்னார்கள்?"

"இப்பத்தான் வீல்சேர்ல வரும்போது எங்கிட்ட சொன்னாங்க. மொத மெசேஜ்லயே எல்லாம் ஒங்களுக்குச் சொல்லிட்டாங்களாம்."

பெட்டியை ஏற்றுகிற சாக்கில் வண்டிக்குப் பின்னால் நின்று, இரண்டரை வருடப் பழைய செய்தியைத் தேடிப் பிடித்துக் காதில் வைத்தேன். நாலாவது நிமிடத்தில் இருந்தது. "...கண்ணிலை அழுத்தமாம். வெளி ஓரத்திலை இருந்து மறைஞ்சு கொண்டு வருதாம், போனது திரும்பி வராதெண்டு டாக்குத்தர் சொல்லிப்போட்டார். வடிவாத் தெரியேக்கையே வந்து ஒருக்காத் தீவை முழுசாப் பாக்கவேணும். நாங்கள் கப்பலிலை போகேக்க மலை, கரை, கட்டடம் எல்லாம் ஒண்டாத் தெரிஞ்சது. அதுதான் கேக்கிறன், எந்த மாசம் வானம் தெளிவா இருக்கும்?"

அவர் பருவம் கேட்டதற்கு அர்த்தம் அதுதான். நான் அதற்குப் பாலத்தில் நெரிசல் என்று பதில் எழுதியிருக்கிறேன்.

"முழுசா கேக்கவே இல்லையா நீங்க?" என்றாள் மனைவி. "ஆறு நிமிஷம்தானே லா."

அன்று நடந்தவற்றில் இதைவிடக் கேவலமானது ஒன்று இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் வைத்திருந்த கதை, கடற்கரை வீட்டைப் பராமரிக்க முடியாமல் விற்றுவிட்டோம் என்பது. லிஃப்ட், நடைபாதை, பக்கத்து வீட்டுச் செருப்பு அலமாரி எல்லாவற்றையும் கடந்து அக்கா உள்ளே வந்தார். சுவரைத் தொட்டபடி நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "நல்ல காத்து வருது" என்றார். கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்காவின் கண் போய்விட்டதில் எனக்கு ஒரு வினாடி நிம்மதி வந்தது. மற்றவர்களைக் கேலி செய்து ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் நான்.

மறுநாள் காலை எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெரியில் அவரைக் கூட்டிப் போனோம். தீவு விலகுவது தெரிகிற பக்கத்து ஜன்னலில் உட்கார வைத்தேன். அன்று வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. மலையில் இருக்கிற வீடுகளைக்கூட எண்ணலாம். இந்தத் தீவுக்கு வர மார்ச்தான் சிறந்த மாதம் என்று நான் யாருக்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்து தருவேன்.

ஃபெரி நகர்ந்தது. அக்கா தலையை மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்பினார். பிறகு மறுபடியும் இடப்பக்கம் போய் ஆரம்பித்தார்.

"இது மலை. இது... ஏதோ உயரமான கட்டடம். இது தண்ணி. திரும்ப மலை." கொஞ்ச நேரம் கழித்து, "குழாய்க்குள்ளாலை பாக்கிற மாதிரி இருக்கடா. ஒண்டு வந்தா மற்றது போயிடுது" என்றார்.

"நான் சொல்லட்டுமா அக்கா?"

"சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். மணிக்கூண்டு இந்தப் பக்கம், மலை அதற்குப் பின்னால், பாலம் இடது ஓரத்தில் என்று அடுக்கிக்கொண்டே போனேன். பத்தி எழுத்தாளன், வர்ணனைக்குப் பஞ்சமில்லை. அவர் கேட்டுக்கொண்டே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"காணும் தம்பி. நீ சொல்லுறதைக் கேட்டா நான் எனக்குத் தெரியிறதைப் பாக்கேலாது."

பட்டர்வொர்த்தில் இறங்காமல் அதே ஃபெரியில் திரும்பினோம். போகவர நான்கு தடவை. மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் எதிர் வரிசையில் உட்கார்ந்து இரண்டரை வருடத்தை மாதம் மாதமாக நினைத்துப் பார்த்தேன். அந்த அட்டவணையில் இருந்த எந்த மாதத்தில் வந்திருந்தாலும் அக்கா இதைவிட அதிகமாகப் பார்த்திருப்பார். புகைமூட்டத்தில் வந்திருந்தால்கூட.

பத்து நாள் இருந்துவிட்டுப் போனார். அந்தப் பத்து நாளில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்த வாரத்தில் தொலைபேசியில் சொன்னேன். படம் கர்னி டிரைவில் எடுத்தது, வீடு ஆரம்பத்திலிருந்தே இந்த பிளாட்தான், மழையெல்லாம் பொய், அந்தச் செய்தியையும் நான் முழுதாகக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மனைவியும் கேட்கட்டும், அதுவும் தண்டனையில் சேரும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"அந்தப் படம் வரேக்க எனக்குக் கண் நல்லாத் தெரிஞ்சது, தம்பி. ஓரத்திலை குப்பைத்தொட்டி நிண்டது. வீட்டுக்குள்ளை அவ்வளவு பெரிய குப்பைத்தொட்டி ஆர் வைப்பினம்?" என்றார் அக்கா. "இவ்வளவும் வீட்டுக்காகவே? உன்ர மனிசிக்குத்தான் நான் வாறது விருப்பமில்லை எண்டு இரண்டரை வருசமா மனசுக்குள்ளை அவளைத் திட்டிக்கொண்டிருந்தன்."