சனிக்கிழமைக்கு ஒரு படுக்கை, எட்டுப் பேருக்கு ஒரு கடற்கரை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு குறுகலான மாடிப்படி ஏறினால் எங்கள் டிராவல்ஸ். இருபத்தாறு வருடமாக அங்கே உட்கார்ந்து அடுத்தவர்களின் விடுமுறைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். நான் போன தீவுகள் நாலோ ஐந்தோதான். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்பது, "விமலாக்கா, குடும்பத்தோட போறதுக்கு எந்த ரிசார்ட் நல்லது?" என்றுதான். யார் போகிறார்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நானும் ஒரு தடவை தெரியாமல் சொல்லி, நன்றாக மாட்டிக்கொண்டேன்.

1. எல்லாரும் நல்லா இருக்கோம்

சேகரன் கிள்ளானில் இருப்பவர். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் லோரிகளை அனுப்பும் சூப்பர்வைசர். பள்ளி விடுமுறைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, மனைவி மகேஸ்வரி, செராஸில் இருக்கும் அண்ணன் தனபாலன், அண்ணி பரிமளா எல்லாரையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். இரண்டு குடும்பமும் பிள்ளைகளுமாக எட்டுப் பேர், வெள்ளிக்கிழமை போய்த் திங்கட்கிழமை திரும்ப வேண்டும்.

மகன் அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் காட்டினார். கண்ணாடி மாதிரி தண்ணீர், வெள்ளை மணல். "இந்த மாதிரி வேணும் அக்கா. தூரமா இருந்தாலும் பரவால்ல."

ரெடாங் தீவு என்று சொன்னேன். எல்லார் முகத்திலும் வெளிச்சம். ரிசார்ட்டையும் நானே சொன்னேன். அறை வாசலிலேயே கடல், பெரிய நீச்சல் குளம், இரவுச் சாப்பாட்டுக்குச் சுட்ட மீன். படத்தைப் பார்த்ததுமே பரிமளா ரிசார்ட்டில் குடியேறிவிட்டார்.

பிறகு வழக்கமான கேள்விகள். யாருக்கு நீச்சல் தெரியும், யாருக்கு இறால் ஆகாது, யார் சைவம். கடைசியில், "யாருக்காவது உடம்புக்கு ஏதாவது இருக்கா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம் லா அக்கா," என்றார் சேகரன், கொஞ்சம் அவசரமாகவே.

அன்றைக்கு வெளியே கொளுத்தும் வெயில். அவர் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருந்தார். மகேஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டையும் கவனித்தேன். கவனித்துவிட்டு, 'உடல்நலப் பிரச்சினை இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். இருபத்தாறு வருட அனுபவம் என்று பெருமை பேசுகிறவள் போட்ட டிக் அது.

2. மகேஸ்வரி தனியாக வந்தது

நாலு நாள் கழித்து மகேஸ்வரி சந்தைக்குப் போகிற பாசார் பையோடு தனியாக வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அக்கா, நான் இங்க வந்தது அவருக்குத் தெரியக்கூடாது. அவருக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. ரெண்டு வருஷமா டயாலிசிஸ். செவ்வாய், வியாழன் வேலை முடிஞ்சு போவாரு. சனிக்கிழமை காலைல."

"அப்ப ரெடாங்ல இருக்கிற சனிக்கிழமை?"

"ஒரு தடவை விட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாரு. தண்ணிய கொறச்சு குடிச்சுக்கிறேன்னு சொல்றாரு. போன வருஷம் இப்படித்தான் ஒரு கல்யாணத்துக்காக விட்டாரு. திரும்பி வரப்ப கார்லயே மூச்சு முட்டிப்போச்சு. ஐசியூவுல மூணு நாள் கிடந்தாரு."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம்தான். ரெடாங்கில் மூச்சு முட்டினால் படகுக்காகக் காத்திருக்க வேண்டும். அலை அடித்தால் அதுவும் வராது. "அண்ணன்கிட்ட சொல்லிட்டு வேற இடம் போக வேண்டியதுதானே?" என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

அவர் அழ ஆரம்பித்துவிட்டார். மூத்த மகளுக்குப் பூச்சோங்கில் ஒரு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கொண்டுவந்தது பரிமளா. அப்பாவுக்கு இந்த வியாதி என்று தெரிந்தால் பரம்பரை வியாதி என்று சொல்லிவிடுவார்களாம். அண்ணனிடம் சொன்னால் அண்ணியிடம் சொன்ன மாதிரி. அண்ணியிடம் சொன்னால் பூச்சோங்கிடம் சொன்ன மாதிரி. அதனால் இரண்டு வருடமாகச் சொந்த அண்ணனுக்கே 'சனிக்கிழமை ஓவர்டைம்' என்று ஒரு கதை. பிள்ளைகளும் வாய் திறக்கக் கூடாது.

நம் வீடுகளில் கல்யாண வயதில் பெண் இருந்தால் அப்பாவின் நோய்க்கும் பூட்டுப் போட்டுவிடுகிறோம். நான் மட்டும் என்ன செய்தேன்? யாரிடமிருந்து மறைக்கிறாரோ அவர்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, உடம்புக்கு ஏதாவது இருக்கா என்று அவரிடம் கேட்டேன். பொய்யைத் தவிர வேறு என்ன பதில் வரும்?

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "கஸ்டமர் என்ன சின்னப் பிள்ளையா? ஒண்ணும் இல்லைன்னு சைன் வெச்சாச்சு. நமக்கு ஏன் இந்தத் தலைவலி?" என்றார்.

"தலைவலி வந்தா நான் பார்த்துக்கிறேன் பாஸ்," என்று சொல்லிவிட்டு வந்து போனை எடுத்தேன்.

3. படத்தில் சுமாரான ரிசார்ட்

லங்காவியில் கேட்டேன், விடுமுறைக் கூட்டம், டயாலிசிஸ் மையத்தில் இடமில்லை. பங்கோர் தீவுக்குப் போனால் டயாலிசிஸை எதிர்க்கரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பங்கோர் படகு வந்து சேரும் லுமூட் ஜெட்டியிலிருந்து கொஞ்ச தூரம் காரில் போனால் சித்தியவானில் ஒரு மையம். போனை எடுத்த நர்ஸ், மிஸி என்போம், தமிழ் ஆள்.

"சனிக்கிழமை ரெண்டாவது ஷிப்ட் ஒரு படுக்கை இருக்கு, பதினோரு மணி. ஆனா புதுசா எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வேணும், அவரோட டாக்டர் லெட்டர் வேணும், அவரே சைன் வைக்கணும்," என்றார் மிஸி.

ஆக, சேகரனுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. மகேஸ்வரி வந்ததையும் சொல்ல முடியாது. ஒரு கையெழுத்து பாக்கி என்று சொல்லி அவரை மட்டும் வரவழைத்தேன்.

முதலில் அசட்டுத்தனமாக ஒரு பொய் சொன்னேன். "ரெடாங்ல ரூம் ஃபுல் ஆயிருச்சு சேகரன்."

"இல்லையே அக்கா, நான் இப்பத்தான் ஆன்லைன்ல பார்த்தேன். ரூம் இருக்கு." ஒரு நாளைக்கு நாற்பது லோரி அனுப்புகிறவரிடம் போய் என் கதை எடுபடுமா?

கதவைச் சாத்தினேன். பழைய படிவத்தை அவர் முன்னால் வைத்தேன். "அன்னிக்கு எல்லாரும் இருந்தாங்க. இப்ப யாரும் இல்ல. ரெடாங்ல ஏதாவது ஆச்சுன்னா ஆஸ்பத்திரி போய்ச் சேர பாதி நாள் ஆகும். அதுக்காகத் திரும்பக் கேக்கிறேன். உடம்புக்கு ஏதாவது இருக்கா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அதுதான் கஷ்டமான வேலை. அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார். பிறகு இடது கை பட்டனைக் கழற்றிச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அறுவை செய்த நரம்பு, கயிறு போலப் புடைத்திருந்தது.

"என் வைஃபுக்குக் கூட தெரியக்கூடாது அக்கா, நான் உங்ககிட்ட காட்டினது," என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

சித்தியவான் படுக்கையைப் பற்றிச் சொன்னேன், மிஸி கேட்ட காகிதங்களைத் தர அவர் சம்மதித்தார். பிறகுதான் உண்மையில் ரிசார்ட் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தேன். பங்கோரில் மூன்று இடம் பார்த்தேன். ஒன்று அழகோ அழகு, ஆனால் ஜெட்டிக்குப் போக ரிசார்ட் படகை நம்ப வேண்டும். இன்னொன்றில் அறைக்குப் போக எழுபது படி. மூன்றாவது படத்தில் சுமார். சமதரை, வாசலிலேயே தீவின் பிங்க் நிற வாடகை வேன் வந்து நிற்கும், ஏறினால் நேராக ஜெட்டி. அதையே போட்டேன். வரவேற்பு பானமாக இளநீர் தருவார்கள் என்றார்கள். சேகரனுக்கு இளநீர் கூடவே கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம் என்று மிஸி சொல்லியிருந்தார். அவருக்கு மட்டும் நிறுத்தினால் ஏன் என்று கேள்வி வரும். எட்டுப் பேருக்கும் இளநீரை நிறுத்தி, சின்னக் கிளாஸில் எலுமிச்சை ஜூஸ் கொடுக்கச் சொன்னேன்.

பரிமளாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன விமலா, பூல் இம்புட்டூண்டு இருக்கு? ரெடாங் எங்க, இது எங்க?" என்று போனில் பொரிந்தார். ஜெட்டி வரைக்கும் காரிலேயே போகலாம், படகில் கொஞ்ச நேரம்தான், பிள்ளைகளுக்கு வாந்தி வராது என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

சனிக்கிழமை சேகரன் காணாமல் போவதற்கும் ஒரு காரணம் வேண்டுமே. லுமூட்டில் கம்பெனி லோரி ஒன்று பழுதாகி நிற்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்வதாக அவரே முடிவு செய்தார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் படுக்கை கிடைத்ததே பெரிது என்று விட்டுவிட்டேன்.

4. பதினொன்றரை வரைக்கும்

அந்தச் சனிக்கிழமை பதினொன்றே கால் ஆகியிருக்கும். மிஸி அழைத்தார். "அக்கா, உங்க ஆள் இன்னும் வரலையே. பதினொன்னரை வரைக்கும்தான் வெச்சிருக்க முடியும். அப்புறம் வேற ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காரு."

சேகரன் போனை எடுக்கவில்லை. மகேஸ்வரியை அழைத்தேன். பிள்ளைகள் கடலில் கத்துகிற சத்தத்துக்கு நடுவே அவர் அவசரமாகச் சொன்னார். "அக்கா, தனபாலன் மாமாவும் கூடப் போயிட்டாரு! லோரி ரிப்பேர்னா நானும் வர்றேன், தனியா என்ன செய்வேன்னு கிளம்பிட்டாரு. நான் என்ன சொல்லி நிறுத்துவேன்?"

தனபாலன் வேலைக்காலம் முழுவதும் மெக்கானிக்காக இருந்தவர். லோரி ரிப்பேர் என்றால் வராமல் இருப்பாரா? இதை நானும் சேகரனும் யோசிக்கவே இல்லை.

திரும்பவும் சேகரனை அழைத்தேன். மூன்றாவது தடவை எடுத்தார். "அக்கா, லோரி விஷயமா அப்புறம் பேசறேன். அண்ணன் பக்கத்துல இருக்காரு. சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

"எங்க?"

"சித்தியவான்லதான்." குரல் தாழ்ந்தது. "இன்னிக்கு வேணாம் அக்கா. செவ்வாய்க்கிழமை பார்த்துக்கலாம்."

தனபாலன் நம்பரும் படிவத்தில் இருந்தது. நானே கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் என்ன என்று விரல் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அது அவர் சொல்ல வேண்டிய விஷயம்.

"சேகரன், மகளுக்குக் கல்யாணம் பேசறீங்க. அன்னிக்கு மணவறைக்குப் பக்கத்துல நீங்க நிக்க வேணாமா? லோரி கதைய நிறுத்துங்க. அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு," என்றேன்.

 சேகரன் போனை வைத்துவிட்டார்.

மிஸிக்கு அழைத்துக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.  எதிரே முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நமக்கு ஏன் தலைவலி என்று கேட்டவர்தான், நிமிடத்துக்கு ஒரு தடவை, "வந்தாரா? வந்தாரா?" என்று என் உயிரை எடுத்தார்.

பதினொன்று இருபத்தெட்டுக்கு மிஸியின் அழைப்பு. "வந்துட்டாரு அக்கா. ரெண்டு பேரா வந்தாங்க. கூட வந்தவருதான் ரொம்ப அழுறாரு."

நான் தலையை மேசையில் வைத்துக்கொண்டேன். முதலாளி எழுந்து போய்த் தே தாரிக் வாங்கி வந்து வைத்தார். அந்த மாதிரி ருசியான டீயை நான் குடித்ததே இல்லை.

ஒரு மணிவாக்கில் இன்னொரு அழைப்பு. தனபாலன்.

"தங்கச்சி, நீங்கதான் இடம் பார்த்தீங்கன்னு தம்பி சொன்னான்." பின்னால் மிஸிகள் பேசுகிற சத்தம் கேட்டது. "ரெண்டு வருஷமா சனிக்கிழமை எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டான். ஓவர்டைம், ஓவர்டைம்பான். பணப்பேய் புடிச்சவன்னு சொந்தக்காரங்க முன்னாடி நான் அவன திட்டியிருக்கேன் தங்கச்சி. தலைய குனிஞ்சு கேட்டுக்கிட்டே நிப்பான். இப்ப உள்ள படுத்திருக்கான். நான் வெளிய உக்காந்திருக்கேன்."

 "வந்து சேர்ந்துட்டாரே அண்ணே, அது போதும்," என்றேன்.

5. படிவத்தில் மாற்றியது

அன்று சாயங்காலமே பரிமளாவிடம் தனபாலன் சொல்லிவிட்டார். பரிமளா பூச்சோங்குக்குப் போன் செய்தார்தான், ஆனால் நாங்கள் பயந்த மாதிரி இல்லை. "பிரஷரால வந்தது, பரம்பரை இல்ல, வேணும்னா டாக்டர்கிட்டயே கேளுங்க" என்று அவரே வாதாடினாராம். பூச்சோங்காரர்கள் இரண்டு வாரம் பதில் சொல்லாமல் இருந்தார்கள். அந்த இரண்டு வாரமும் எனக்கே சரியாகத் தூக்கம் இல்லை. பிறகு சம்மதம் என்று சொல்லியனுப்பினார்கள். இப்போது மண்டபம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் படிவத்தில் உடம்பைப் பற்றிய கேள்வியை நான் எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் தனியாகப் போனில் கூப்பிட்டு, "வாரா வாரம் விடாம நீங்க செய்ய வேண்டியது ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறோம். நேரம் பிடிக்கிற வேலைதான். சிலர் சாய் பஜனை என்பார்கள், சிலர் நாலு நம்பர் லாட்டரி என்பார்கள். நடுவில் ஒருவர் தயங்குவார். அங்கே பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். தீவும் ரிசார்ட்டும் அதற்குப் பிறகுதான்.

போன வாரம் தனபாலன் அழைத்தார். இந்த விடுமுறைக்கும் எட்டுப் பேரும் கிளம்புகிறார்களாம்.

"எந்தத் தீவுண்ணே பார்க்கட்டும்?" என்றேன்.

"தீவ அப்புறம் பாருங்க தங்கச்சி. எங்க சனிக்கிழமைக்குப் படுக்கை கிடைக்குதோ அங்க போறோம். கூட வர்றவங்க உக்கார ஒரு நாற்காலி இருக்கான்னும் கேட்டு வைங்க. இப்ப வாரா வாரம் சனிக்கிழமை கிள்ளானுக்கு வந்து நான்தான் தம்பியக் கூட்டிக்கிட்டுப் போறேன்."