ஸ்பூனில் ஒட்டிய வார்னிஷ்

பெயிண்டைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று என் வீட்டுக்காரர் வேம்புலி சொல்லிக்கொள்வார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகக் கம்ப்ரசர் மூடிகளுக்கு ஸ்ப்ரே அடிக்கிறார். மூடி கொக்கியில் தொங்கிக்கொண்டு வரும், இவர் அடிப்பார், ஓவனுக்குள் போகும், இருபது நிமிஷத்தில் கல் மாதிரி காய்ந்து வெளியே வரும். அவ்வளவுதான் அவர் உலகம். அந்த மனுஷனை ஒரு சாண் நீள பிளாஸ்டிக் ராணுவ டாங்க் பொம்மை மூன்று நாள் பைத்தியமாக அடித்தது.

டாங்க் என் அண்ணன் கங்காதரனுக்கு. அண்ணனுக்கு ஆவடியில் நிஜ டாங்க் செய்யும் ஃபேக்டரியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் வேலை. வெள்ளிக்கிழமை ரிட்டயர்மென்ட். எங்களோடு பேசி நாலு வருஷம் ஆகிறது. எங்கள் ரோஷினிக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும்? தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய்க் கூப்பிட வேண்டிய தாய்மாமனுக்கு இவர் வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பினார். அண்ணன் வரவில்லை. பிள்ளை யார் யார் மடியிலோ உட்கார்ந்து அழுதது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

மன்னிப்பு கேட்க இவருக்கு வாய் வராது. கை வரும். அதனால் துண்டு துண்டாக வரும் டாங்க் கிட் வாங்கி ஒட்டினார். கடைக்காரர் கொடுத்த சாம்பல் நிறப் பிரைமர், அதன்மேல் ஹார்டுவேர் கடைப் பச்சை எனாமல், கடைசியில் பளபளப்பைக் குறைக்க, காரமான தின்னர் கலந்த லாக்கர் வார்னிஷ் ஸ்ப்ரே. மூன்றும் ஒத்துப்போகுமா என்று பார்க்க, போன மாசமே ஒரு ஐஸ்கிரீம் ஸ்பூனில் பிரைமரும் பச்சையும் பூசி ஜன்னலில் வைத்திருந்தார்.

புதன்கிழமை காலை வார்னிஷ் டப்பா வந்தது. முதலில் ஸ்பூனில் அடித்தார். அருமை. பிறகு டாங்கில் அடித்தார். முந்தின நாள் சாயங்காலம் பூசிய பச்சை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாலாடை மாதிரி சுருங்கியது.

"இன்னாம்மே இது? அதே பிரைமரு, அதே பச்ச, அதே டப்பா. ஸ்பூன்ல நல்லாத்தான கீது?"

எனக்கென்ன தெரியும்? மறுபடி ஸ்பூனில் அடித்தார். மறுபடி அருமை.

கடைக்காரருக்கு போன் போட்டார். பிரைமரை நல்லாக் குலுக்கியிருக்க மாட்டீங்க என்றார் அவர். மாடல் செய்கிறவர்களின் வாட்ஸப் குரூப்பில் ஸ்பூனையும் டாங்கையும் படம் எடுத்துப் போட்டுக் கேட்டார். லாக்கர் மேல எனாமல் போடலாம், எனாமல் மேல லாக்கர் போடவே கூடாது என்றார் ஒருவர். நான் எப்பவும் போடுறேனே, ஒண்ணும் ஆகலையே என்றார் இன்னொருவர். மழை ஈரம் என்றார் மூன்றாமவர். கம்பெனி சூப்பர்வைசர் பிளாஸ்டிக்கையே குறை சொன்னார். ஸ்பூனும் பிளாஸ்டிக்தானே என்று இவர் கேட்டதும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். இரண்டு நாளும் சோற்றை அளைந்துகொண்டு ஸ்பூனையும் டாங்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சரியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள், என் அண்ணன், திருமுல்லைவாயலில் இருந்தார். அவரோடுதான் பேச்சில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் "நான் வர்ல" என்றார். "பெயிண்டருக்கு இந்தப் பெயிண்டக் குடுத்தா காறித் துப்புவாரு."

"துப்பட்டும். தொடச்சிக்கினு வரலாம். கெளம்பு" என்றேன்.

எங்கள் கள்ளிக்குப்பத்திலிருந்து ஆட்டோவில் போகிற வழியெல்லாம் டாங்கை வைத்த பழைய ஸ்வீட் டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூட வேலை செய்தவர்கள் அண்ணனை மாலையோடு வீட்டில் இறக்கிவிட்டிருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். டப்பாவைப் பிடுங்கித் திறந்து அண்ணன் கையில் வைத்துவிட்டேன்.

அண்ணன் டாங்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுருக்கத்தை நகத்தால் சுரண்டினார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு, நாலு வருஷத்துக்கு அப்புறம், என் வீட்டுக்காரரிடம் வாயைத் திறந்தார்.

"எனாமல எத்தினி நாள் காய உட்ட?"

"ஒரு ராத்திரி மச்சான். கைல ஒட்டல, காஞ்சிட்சின்னு..."

"அந்த ஸ்பூனு?" குரூப்பில் இருந்த யாரோ அண்ணனுக்கும் அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள்!

"அது... ஒரு மாசம்."

"ஒரு மாசம்! உன் ஊட்ல இன்னா ஓவனா கீது, ஒரே ராத்திரில வேக? மேலதான்யா காஞ்சிருக்கும். உள்ள பச்சையாத்தான் கெடக்கும். லாக்கர் பட்டா மேல்தோலச் சுருட்டித் தூக்காதா? படத்தப் பாத்து ரெண்டு ராத்திரியா எனக்குத் தூக்கமே இல்ல, தெரியுமா? ஒரு போன் போட்டா கொறஞ்சா பூடுவ?"

மாலையைக்கூடக் கழற்றாமல் அண்ணன் திட்டிக்கொண்டே இருந்தார். இவர் ஒவ்வொரு வசவுக்கும் "ஆமா மச்சான், ஆமா மச்சான்" என்று தலையாட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணி இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் அது காதில் விழவே இல்லை.