வெள்ளிக் கயிறு வைத்த தொப்பி

இத்தாலியில், அல்பெர்கேரியா என்ற பழைய குடியிருப்பில் எங்கள் வீடு ஓர் அறையும் குசினியும்தான். அதற்குள் ஜேர்மன் பட்டாளத்துத் தொப்பிகள் பன்னிரண்டைக் கொண்டுவந்து வைத்தவள் நான். இரண்டாம் உலக யுத்தத்தைப் பற்றி இங்கே ஒரு சினிமா எடுத்தார்கள். அதற்கு உடுப்புத் தைத்த கடைக்கு நான் வீட்டிலிருந்து கைவேலை செய்துகொடுத்தேன். பார்த்துத் தைக்க ஒரு படத்தாளும் தந்தார்கள். சாதாரண சிப்பாயின் தொப்பிக்கு முன்பக்கம் கறுப்புத் தோல் வார், அதிகாரிக்கு வெள்ளிக் கயிறு, ஜெனரலுக்குப் பொன் கயிறு.

அவற்றைக் கண்டதுமே என் கணவருக்கு முகம் கறுத்தது.

"இதுகளை ஏன் வீட்டுக்குள்ளை கொண்டந்தனீர்?"

"செத்துப்போன ஜேர்மன்காரன்ரை தொப்பி உங்களைக் கடிக்குமே?" என்றேன். எனக்கு வாய் சும்மா இராது.

கலியாணத்துக்கு முன் ஊரில் அவரை ஆமி பிடித்து ஐந்து மாதம் வைத்திருந்தது. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. நானும் கிளறுவதில்லை.

மூன்று நாள் முகத்தை உம்மென்று வைத்திருந்தார். நாலாம் நாள், சிரிக்கவைக்கிறேன் பேர்வழி என்று, லிபெர்த்தா வீதியில் சிஞ்ஞோரா அம்மா வீட்டு வேலை முடிந்து அவர் வரும் நேரம் பார்த்து, வெள்ளிக் கயிறு தைத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவுக்கு உள்பக்கம் நின்றேன். அவர் சாவி போட்டுக் கதவைத் திறந்தார்.

"தொக்குமெந்தி!" என்று, இத்தாலியப் பொலிஸ்காரன் பத்திரங்களைக் கேட்கிற மாதிரி அதட்டினேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து பெர்மெசோவை, இங்கே இருப்பதற்கான அனுமதி அட்டையை, எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். கண் நிலத்தில். நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன், மடைச்சி.

"பேர்?" என்றேன்.

தன் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். சிங்களத்தில் சொன்னார். அவருக்குச் சிங்களம் தெரியும் என்பதே பதினான்கு வருடக் குடித்தனத்தில் எனக்குத் தெரியாது.

தொப்பியைப் பிடுங்கி எறிந்தேன். "ஐயோ, நான்தானப்பா! என்னைப் பாருங்கோ!"

"ஓம், தெரியும்" என்றபடி கதிரையில் இருந்தார். பெர்மெசோவைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்.

"தொப்பியிலை மினுங்கிறது வைச்சவங்கள் அடிக்கிறேல்லை. பேரைக் கேட்டுப்போட்டு எழும்பிப் போயிடுவாங்கள். பிறகுதான் மற்றவங்கள் வாறது."

நானும் பேரைத்தான் கேட்டிருந்தேன். என் வாயில் தீயை வைக்க வேண்டும் போலிருந்தது.

அன்றைக்கே, தைத்தது பாதி தைக்காதது பாதியாக, தொப்பிகளைக் கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். கடைக்காரி கத்தினாள். கத்தட்டும்.

மாதங்கள் ஓடிவிட்டன. வீட்டுச் சாவி அவர் பையில்தான் இருக்கிறது. ஆனாலும் மணியை அடித்துவிட்டு, நான் வந்து திறக்கும்வரை படியில் நிற்கிறார். திறந்ததும் முதலில் என் தலையைத்தான் பார்க்கிறார்.